கண் தானே ஆக்கும் கொழுப்பு

போன நோன்புக்கு முந்திய மாதம் உம்மாவின் கட்டிலுக்குக் கீழே கிடந்த பழைய பிஸ்கட் டின்னுக்குள் நாற்பதுக்கு மேற்பட்ட வெள்ளைக் குளிசைகளைக் கண்டெடுத்தேன். எல்லாம் கிளினிக்கில் கொடுத்த கொலஸ்ட்ரோல் குளிசைகள். சீனிக் குளிசையும் பிரஷர்க் குளிசையும் ஒழுங்காக முடிந்திருந்தன. இதை மட்டும் ஒவ்வொரு இரவும் எங்களுக்கு முன்னால் வாயில் போடுவதுபோல் பாவனை செய்துவிட்டு டின்னுக்குள் போட்டு வந்திருக்கிறா.

"என்ன உம்மா இது?"

"அதப் போட்டாக் கண்ணு போயிருமாம் மகன். அடுத்தூட்டு ராத்தாட போனுக்கு வந்திரிக்கி. ஒரு டொக்டர்தான் பேசுறார். எனக்கு ஏற்கனவே ஒரு கண்ணுல வெள்ளை படந்து கிடக்கு. மத்தக் கண்ணையும் குடுக்கவா?"

மூன்று வருடங்களுக்கு முன் நெஞ்சுவலி வந்து ஐந்து நாள் வார்ட்டில் கிடந்தவ உம்மா. ஏசத்தான் வாயெடுத்தேன். ஆனால் ஏசுவதற்கு எனக்குக் கோபம் இருந்ததே தவிரப் பதில் இருக்கவில்லை. நான் தமிழ் சிறப்புப் பட்டம் படித்தவன். விஞ்ஞானத்தோடு எனக்கிருந்த உறவு ஓஎல் சோதனையோடு முடிந்துபோனது. மறுநாள் பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியரிடம் சிரித்துக்கொண்டே கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "முழுக்கப் பொய் எண்டும் சொல்லேலாது சேர். பழைய கதையொண்டு இரிக்கி" என்றார். அந்த ஒரு வசனம் என்னைப் பல மாதங்கள் வாசிக்க வைத்தது. வாசித்ததில் எனக்கு விளங்கியதை இங்கே எழுதுகிறேன்.

கொழுப்பு என்றால் நாம் தின்பது, தின்றது இரத்தத்தில் ஏறுவது, ஏறியது எங்காவது போய் ஒட்டிக்கொள்வது. எங்கள் வீடுகளில் உள்ள விளக்கம் இதுதான். உம்மாவின் கண்ணில் வெள்ளை படர்ந்ததற்கும் பெருநாள் காலத்து மாட்டிறைச்சியைக் காரணம் சொன்னவர்கள் இருக்கிறார்கள். ஆனால் உடலில் உள்ள கொலஸ்ட்ரோலில் பெரும்பகுதி உணவிலிருந்து வருவதல்ல, உடல் தானே ஆக்கிக்கொள்வது. ஈரல்தான் இதற்குப் பெரிய ஆலை. அதைத் தவிர ஏறத்தாழ எல்லாக் கலங்களுக்கும் கொஞ்சமாவது கொலஸ்ட்ரோல் ஆக்கத் தெரியும். கலத்தைச் சுற்றியுள்ள மென்சவ்வு நெகிழ்ந்து ஓடிவிடாமலும் இறுகி உடைந்துவிடாமலும் இருப்பதற்கு அது வேண்டும். இந்த வேலையில் கண்ணுக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. கண்ணின் வெவ்வேறு பகுதிகள் வெவ்வேறு கொழுப்பை, வெவ்வேறு தேவைக்காக ஆக்குகின்றன.

இமையிலிருந்து தொடங்கலாம். இமையின் ஓரத்தை இலேசாகப் புரட்டிக் கண்ணாடியில் பார்த்தால் மயிர் முளைத்த வரிசைக்கு உட்பக்கமாகச் சின்னச் சின்னப் புள்ளிகள் ஒரு நிரையில் தெரியும். அவை சுரப்பிகளின் வாய்கள். 1666 இல் இவற்றை விவரித்த ஜேர்மன் மருத்துவர் ஹைன்ரிக் மைபோமின் பெயரால் மைபோமியன் சுரப்பிகள் என்பார்கள். மேலிமையில் 25 முதல் 40 வரையும் கீழிமையில் 20 முதல் 30 வரையும் இருக்கும். இவற்றுக்குள் இருக்கும் கலங்கள் கொழுப்பை ஆக்கி ஆக்கி வயிறு முட்ட நிரப்பிக்கொண்டு, கடைசியில் தாங்களே வெடித்து, உடம்போடு சேர்த்து அந்தக் கொழுப்பைக் கொடுத்துவிடுகின்றன. ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் அது கண்ணீரின் மேல் ஒரு படையாகப் பரவுகிறது. ஒரு மில்லிமீற்றரைப் பத்தாயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குகூட வராத தடிப்பு. அந்தப் படை இல்லாவிட்டால் கண்ணீர் உடனே காய்ந்து கண் மணல் விழுந்ததுபோல் உறுத்தத் தொடங்கிவிடும்.

இந்தக் கொழுப்பு சமையலறைக் கொழுப்பு அல்ல. பெரும்பாலும் மெழுகு வகையும், கொழுப்பமிலத்தோடு கோத்த கொலஸ்ட்ரோலும்தான். அந்தக் கொழுப்பமிலச் சங்கிலிகள் உடலில் வேறெங்கும் அவ்வளவாகக் காணாத நீளமுடையவை. 1981 இல் நிக்கொலாய்டிஸ் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் காளைமாட்டின் இமைக்கொழுப்பையும் மனிதரின் இமைக்கொழுப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். அடிப்படை வகைகள் இரண்டிலும் ஒன்றுதான், அளவுகளில்தான் வித்தியாசம். இது இமையின் சூட்டில் உருகி ஓடவேண்டும், அதற்கு மேல் இறுகக் கூடாது. கொலஸ்ட்ரோலைக் கொழுப்பமிலத்தோடு கோக்கும் நொதியம் இல்லாத சுண்டெலிகளில் இந்தக் கொழுப்பு இமைச் சூட்டில் உருகாமல் இறுகி, சுரப்பியின் வாயை அடைத்து, கண்களைச் சுருங்க வைத்துவிட்டது. கண் வறட்சிக்கு வெந்நீரில் நனைத்த துணியை இமையில் வைக்கச் சொல்லும் வைத்தியத்தின் உள்விளக்கமும் இதுதான்.

மிருகங்களில் பலவற்றுக்கு இன்னொரு சுரப்பியும் உண்டு. 1694 இல் ஜொஹான் ஹார்டர் என்பவர் செம்மானின் கண்குழியில் கண்டு எழுதியது. முயல், எலி போன்றவற்றில் இது பெரிதாக இருக்கும், வளர்ந்த மனிதரில் இல்லை. முயலில் வெள்ளை ஒரு பகுதி, இளஞ்சிவப்பு ஒரு பகுதி என்று இரண்டு நிறத்தில் கிடக்கும். மூன்றாம் இமைக்கும் விழிக்கும் வழுவழுப்புக் கொடுக்கும் கொழுப்பை இது ஆக்குகிறது. மங்கோலியப் பாலைநில எலி இருக்கிறதே, அது இந்தக் கொழுப்பை முகம் கழுவுவதுபோல் கைகளால் எடுத்து உடம்பு மயிரெல்லாம் பூசிக்கொள்கிறது. குளிரிலும் ஈரத்திலும் உடற்சூட்டைக் காக்கும் எண்ணெய் அதன் கண்ணிலிருந்தே வருகிறது. உம்மாவிடம் இதைச் சொன்னபோது, "தலைக்கு எண்ணெய் வாங்கத் தேவல்ல" என்றா.

விழித்திரையின் கதை நீளமானது, சுருக்கமாகச் சொல்கிறேன். வெளிச்சத்தை வாங்கும் கோல் கலங்களுக்குள் நாணயங்களை அடுக்கியதுபோல் நூற்றுக்கணக்கான மென்சவ்வுத் தட்டுகள் இருக்கின்றன. அவை நாள்தோறும் ஒரு முனையில் உதிர்ந்து மறுமுனையில் புதிதாக முளைக்கின்றன. எலிகளில் ஏறத்தாழப் பத்து நாளில் அடுக்கு முழுவதும் மாறிவிடுவதை 1967 இல் ரிச்சர்ட் யங் காட்டினார். மென்சவ்வு என்றால் பாதிக்குப் பாதி கொழுப்பு. ஆகவே விழித்திரை ஓயாமல் கொழுப்புச் செலவழிக்கும் இடம். அங்குள்ள கொழுப்பமிலங்களில் மிகப் பெரிய பங்கு டீஎச்ஏ என்ற ஒமேகா 3 வகை. அதை மட்டும் விழித்திரை பெரும்பாலும் கடன்தான் வாங்குகிறது, மீனிலிருந்தோ ஈரலிலிருந்தோ இரத்தம் கொண்டுவந்து தரவேண்டும். (சூரை மீன் தலை வாங்குபவர்கள் கண்குழிக் கொழுப்பை வீசவேண்டாம், அதில் டீஎச்ஏ செறிந்து கிடக்கிறது.) வாங்கிய சங்கிலிகளை 28 காபன் அணுக்களுக்கும் மேல் நீட்டி எடுக்கும் வேலையை விழித்திரை தானே செய்கிறது. அந்த நொதியத்தைத் தரும் மரபணுவில் கோளாறு உள்ள குடும்பங்களில் பிள்ளைகள் இளவயதிலேயே நடுப்பார்வையை இழக்கிறார்கள். கொலஸ்ட்ரோலை விழித்திரை இரத்தத்திலிருந்தும் எடுக்கும், தானும் ஆக்கும். சுண்டெலிகளில் அளந்து பார்த்ததில் தானே ஆக்குவதுதான் கூடுதல்.

உம்மாவின் பிரச்சினை இமையிலோ விழித்திரையிலோ அல்ல, வில்லையில். அதைக் கண்ணால் காண எனக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தது. விஞ்ஞான ஆசிரியர் ஏஎல் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக இறைச்சிக் கடையிலிருந்து ஆட்டுக் கண்கள் நான்கை வாங்கிவந்திருந்தார். கத்தரியால் வெட்டிப் பிதுக்கியதும் உள்ளேயிருந்து வழுக்கிக்கொண்டு வந்தது ஒரு கண்ணாடி உருண்டை. பத்திரிகைத் தாளின் மேல் வைத்தார். அடியில் இருந்த எழுத்துகள் பெருத்துத் தெரிந்தன. அரபு மருத்துவ நூல்கள் இதைப் பனிக்கட்டி போன்றது என்ற பொருளில் 'ஜலீதிய்யா' என்றன. 9 ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த கிறிஸ்தவ மருத்துவர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் இதுதான் பார்வையின் மூல உறுப்பு என்று எழுதினார். அந்தக் கருத்துப் பிழைத்துப்போனது. அந்தப் பெயர் இன்றைக்கும் பொருந்துகிறது.

ஆசிரியர் பிள்ளைகளிடம் கேட்டார்: "இதுல எங்கயாவது இரத்தக் குழாய் தெரியுதா?" தெரியவில்லை. இருந்தால் அது கண்ணாடியாக இராது. வெளிச்சம் போகும் பாதையில் நரம்போ குழாயோ குறுக்கே நிற்கக் கூடாது. வில்லையைச் சுற்றியுள்ள தெளிந்த நீர்தான் அதற்குச் சாப்பாடு கொடுக்கிறது. அந்த நீரில் சீனி உண்டு, உப்பு உண்டு. கொலஸ்ட்ரோல் மிகச் சொற்பம். அப்படியானால் இரத்தத்தில் கொலஸ்ட்ரோல் கூடினால் என்ன, குறைந்தால் என்ன, வில்லைக்கு வந்து சேரப்போவது கொஞ்சம்தான்.

ஆனால் வில்லைக்குக் கொலஸ்ட்ரோல் தேவை. சாதாரணத் தேவையும் அல்ல. ஒரு சராசரிக் கலத்தின் வெளி மென்சவ்வில் பொசுபோலிப்பிட்டு இரண்டுக்குக் கொலஸ்ட்ரோல் ஒன்று அல்லது இரண்டு இருக்கும். மனித வில்லையின் நடுப்பகுதியில் பொசுபோலிப்பிட்டு ஒன்றுக்குக் கொலஸ்ட்ரோல் மூன்று நான்கு. உடலில் இதுவரை அளந்த மென்சவ்வுகளில் இதைவிடக் கொலஸ்ட்ரோல் செறிந்தது வேறில்லை. கொழுப்பு கண்ணை மறைக்கும் என்று நினைத்திருந்த எனக்கு இது தலைகீழாக இருந்தது. கண்ணில் ஆகத் தெளிவான இடம் எதுவோ, அதுவே கொலஸ்ட்ரோல் ஆகக் கூடிய மென்சவ்வுகளால் ஆன இடம்.

ஏன் இவ்வளவு? வில்லையின் நார்க்கலங்கள் வெளிச்சத்துக்கு வழிவிடுவதற்காகத் தங்கள் கருவையும் உள்ளுறுப்புகள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு வெறும் புரதமும் மென்சவ்வுமாக நிற்கின்றன. புதிய நார்கள் வெளியே படைபடையாக வளர்கின்றன, பழையவை நடுவுக்குள் போகின்றன. உதிர்வது என்பதே இல்லை. உம்மாவின் வில்லையின் நடுவில் இருப்பது அவ மூத்தம்மாவின் வயிற்றில் இருந்த காலத்து நார். அந்த நாருக்கு இனி ஒரு துளி கொலஸ்ட்ரோலும் ஆக்க முடியாது, ஆலை எப்போதோ மூடப்பட்டுவிட்டது. ஓரத்தில் இருக்கும் இளங்கலங்கள்தான் ஆக்குகின்றன. இளமையில் ஆக்கியதை வைத்துக்கொண்டு எழுபது எண்பது வருடம் நிற்கவேண்டும். கொலஸ்ட்ரோல் செறிந்த மென்சவ்வு ஒட்சிசனை எளிதில் உள்ளே விடாது, உள்ளிருக்கும் புரதங்கள் வந்து ஒட்டிக்கொள்வதையும் தடுக்கிறது. 1980களில் அமெரிக்காவின் மிசூரியில் ரிச்சர்ட் செனடெல்லா எலி வில்லைகளில் அளந்து, அங்கு சேரும் கொலஸ்ட்ரோலுக்கு அந்த வில்லையின் சொந்த உற்பத்தியே போதும் என்று காட்டினார்.

அந்த உற்பத்தியை நிறுத்தினால் என்ன ஆகும்? விஞ்ஞான ஆசிரியர் சொன்ன பழைய கதை இங்கேதான் வருகிறது.

1960 இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் இருந்த மெரல் நிறுவனம் மெர் 29 என்ற பெயரில் ஒரு குளிசையைச் சந்தைக்கு விட்டது. மருந்தின் பெயர் டிரைபரனோல். கொலஸ்ட்ரோல் ஆகாமல் தடுக்கும் மருந்து, மாரடைப்புக்குப் பயந்திருந்தவர்கள் ஓடி ஓடி வாங்கினார்கள். சுமார் 4 இலட்சம் பேர் சாப்பிட்டார்கள். ஒரு வருடம் கழிவதற்குள் சிலருக்கு முடி கொட்டியது, தோல் செதில் செதிலாக உரிந்தது. அதன் பின் கண்களில் வெள்ளை படர்ந்தது. நடுத்தர வயதுக்காரருக்கு, இரண்டு கண்ணிலும். மேயோ கிளினிக் மருத்துவர்கள் இதைக் கவனித்து எழுதினார்கள். எலிகளிலும் நாய்களிலும் அதே மருந்து கண்புரையை உண்டாக்கியதைக் கம்பனி ஏற்கனவே அறிந்திருந்தது. அங்கு வேலை செய்த பியூலா ஜோர்டன் என்ற ஆய்வுகூடப் பெண், குரங்குகளைப் பற்றிய பதிவுகளை மாற்றி எழுதச் சொன்னதால் வேலையை விட்டு விலகியிருந்தா. அவவின் கணவர் வேலைக்குப் போகும் காரில் கூடப்போகும் ஒருவரிடம் இதைப் பேச்சோடு பேச்சாகச் சொல்ல, அந்த ஆள் அரச மருந்துக் கட்டுப்பாட்டுத் திணைக்களப் பரிசோதகராக இருந்தார். 1962 ஏப்ரலில் பரிசோதகர்கள் கம்பனிக்குள் நுழைந்தார்கள். அதே மாதம் மருந்து திரும்பப் பெறப்பட்டது. 1964 இல் கம்பனிக்கு விதித்த தண்டம் 80,000 டொலர். 4 இலட்சம் பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 20 சதம்.

அதே 1964 இல்தான் கொலஸ்ட்ரோல் எப்படி ஆகிறது என்று கண்டுபிடித்த கொன்ராட் புளொக்குக்கும் பியோடோர் லைனெனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இரண்டு காபன் உள்ள சிறு துண்டுகளைக் கோத்துக் கோத்து, ஏறத்தாழ முப்பது படிகளில் 27 காபன் உள்ள கொலஸ்ட்ரோல் ஆகிறது. மருதமுனைத் தறியில் ஒரு சாரன் ஆவதுபோல என்று வைத்துக்கொள்வோம். நூலுக்குச் சாயமிடுவது, பாவு ஓட்டுவது, நெய்வது, கடைசியில் ஓரம் அடிப்பது. டிரைபரனோல் கைவைத்தது கடைசிப் படியில். ஓரம் அடிக்காத சாரன்கள் மலைமலையாகக் குவிந்தன. டெஸ்மோஸ்டரோல் என்ற அந்த முடிவுறாச் சரக்கு கொலஸ்ட்ரோல் இருக்கவேண்டிய இடத்தில் மென்சவ்வுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. எலி வில்லைகளில் பார்த்தபோது மென்சவ்வுகள் ஒழுகத் தொடங்கின, உப்பு உள்ளே போனது, உப்போடு தண்ணீரும் போனது, நார்கள் ஊதி வெளிச்சத்தைச் சிதறடித்தன. மருந்தை நிறுத்திய பின் எலிகளின் வில்லை மெல்லத் தெளிந்ததையும் சோதனைக்காரர்கள் கண்டார்கள்.

உம்மாவின் டின்னில் இருந்தது ஸ்டாட்டின் வகை. அது கைவைப்பது நூற்கட்டிலேயே, தொடக்கத்துப் படியொன்றில். ஆகவே அரைகுறைச் சாரன்கள் குவிவதில்லை. குடலிலிருந்து இரத்தம் முதலில் போய்ச் சேரும் ஈரலிலேயே இந்த மருந்தின் வேலை பெரும்பாலும் நடந்துவிடுகிறது. ஆனாலும் அதே ஆலையின் கதவுதானே? நாய்களுக்கு மனிதர் சாப்பிடும் அளவைவிடப் பன்மடங்கு கொடுத்தபோது கண்புரை வந்தது உண்மை. அதனால்தான் மனிதரிலும் கண்ணைத் தனியாகப் பார்த்தார்கள். 8,245 பேருக்கு 48 வாரம் லொவாஸ்டடின் கொடுத்துச் செய்த ஆய்வில் வில்லையில் வித்தியாசம் காணவில்லை. 2016 இல் வெளியான ஹோப் 3 ஆய்வு இன்னும் நீண்டது. இருதய நோய் இல்லாத 12,705 பேர், ஐந்தரை வருடத்துக்கு மேல். அதில் கண்புரை அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டவர்கள் ரோசுவாஸ்டடின் சாப்பிட்டவர்களில் ஆயிரத்துக்கு 38, வெற்றுக் குளிசை சாப்பிட்டவர்களில் 31. மாரடைப்பு, பக்கவாதம், இருதய நோயால் மரணம் ஆகிய மூன்றும் சேர்த்து மருந்துக்காரரில் ஆயிரத்துக்கு 37, மற்றவர்களில் 48.

இந்த நான்கு எண்களையும் மறைக்காமல் சொல்லவேண்டும் என்பது என் கருத்து. "ஒண்டும் வராது" என்று அடித்துச் சொல்பவரை நம்பாமல்தான் மக்கள் போனில் வரும் குரலை நம்புகிறார்கள். ஏழு பேருக்குக் கூடுதலாகக் கண்புரை, அதை எடுத்துவிட்டு வேறு வில்லை வைக்கலாம். பதினொரு பேருக்கு மாரடைப்போ பக்கவாதமோ மரணமோ இல்லாமல் போனது, அவற்றை எடுத்துவிட்டு வேறொன்று வைக்க ஏலாது. அதுவும் நெஞ்சுநோ ஒருமுறையும் வராதவர்களின் கணக்கு இது. வந்தவர்களுக்கு நன்மைப் பக்கம் இன்னும் கனம். உம்மாவின் கண்புரைக்கு வயதும் சீனி வருத்தமுமே போதுமான காரணங்கள்.

இதற்கு ஓர் எதிர்ப்பக்கக் கதையும் உண்டு. 2015 இல் 'நேச்சர்' சஞ்சிகையில் ஓர் ஆய்வு வந்தது. பிறவிக் கண்புரை உள்ள இரண்டு குடும்பங்களில், லனோஸ்டரோல் என்ற இடைநிலைச் சரக்கை ஆக்கும் மரபணு பழுதாகியிருந்தது. அப்படியானால் லனோஸ்டரோலை வெளியிலிருந்து கொடுத்தால்? நாய்களின் கண்களில் கொடுத்தார்கள், வெள்ளை குறைந்தது என்றார்கள். உலகமே துள்ளியது. அதே வருடம் இந்தியாவில், அறுவைச் சிகிச்சையில் எடுத்த மனித வில்லைகளை லனோஸ்டரோல் கரைசலில் நாட்கணக்கில் ஊறவைத்துப் பார்த்தார்கள். தெளியவில்லை. அதற்குப் பின் வேறிடத்தில் செய்தபோதும் தெளியவில்லை. ஆனால் கண்புரையைக் கரைக்கும் சொட்டு மருந்து என்று இணையத்தில் இன்றும் விற்கிறார்கள். அடுத்தூட்டு ராத்தாவின் போனுக்கு அதுவும் ஒருநாள் வரும்.

உம்மாவுக்கு இவ்வளவையும் சொல்ல இரண்டு மஃரிப் நேரம் எடுத்தது. கடைசியில் கேட்டா: "அப்ப அந்த டொக்டர் சொன்னது பொய்யில்ல, பழசு. வேற குளிசைட கத."

"ஓம் உம்மா."

"அத முதல்லயே சொல்லியிருந்தா நான் ஏன் ஒளிக்கப்போறன்?"

குளிசையை நிறுத்தியிருந்ததைக் கிளினிக் டொக்டரிடம் உம்மாவே சொன்னா. அவர் இரத்தம் சோதித்துவிட்டு மறுபடி எழுதிக் கொடுத்தார். வலது கண்ணில் அறுவைச் சிகிச்சை ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு நடந்தது. கட்டு அவிழ்த்த அன்று, வைத்திருக்கும் புது வில்லையும் கொழுப்பு ஆக்குமா என்று கேட்டா. அது பிளாஸ்டிக், ஒன்றும் ஆக்காது என்றேன். இடது கண்ணுக்குத் திகதி இன்னும் தரவில்லை.